ஆறு இரண்டாம் கட்டத்தில் வரும்

"ஸ்கூலை விட்டு ஏன் நின்னே?"

கணக்கெடுக்க வந்தவர் என்னிடம் ஒருமுறை இப்படிக் கேட்டார். கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை, மடியில் இருந்த படிவத்தைப் பார்த்தார். அதில் பதில்கள் முன்கூட்டியே அச்சாகியிருந்தன. விருப்பமில்லை, உடல்நலக் குறைவு, திருமணம், மற்றவை.

"பாலம் போயிடுச்சு," என்றேன். நான் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. அவர் "ஆங்?" என்றார்.

எனக்காகத் தங்கச்சிதான் சத்தமாகச் சொன்னாள். "பாலம் போயிடுச்சு சார். வெள்ளத்துல. அக்கா அப்ப பத்தாவது. பெரிய ஸ்கூல் அந்தக் கரையில இருக்கு."

அவர் 'மற்றவை'யில் டிக் அடித்தார். மற்றவை என்றால் என்ன என்று எழுத இடம் கிடையாது. ஒரு டிக்குக்கு மட்டும் அளவெடுத்துச் செய்த சின்னக் கட்டம்.

அவர் சமச்சீர் வட்டார வளர்ச்சி வாரியத்தின் ஆள். எந்தப் பகுதி பின்தங்கியிருக்கிறதோ அந்தப் பகுதிக்கு முதலில் பாலம், சாலை, தண்ணீர்க் குழாய் எல்லாம் கொடுப்பது வாரியத்தின் வேலை. எது பின்தங்கியது என்று கண்டுபிடிக்க வீடு வீடாகப் போய், என்னென்ன பொருள் இருக்கிறது என்று எண்ணி மதிப்பெண் போடுவார்கள். குறைந்த மதிப்பெண் வாங்கினால் பாலம். நாங்கள் படித்த காலத்தில் குறைந்த மதிப்பெண்ணுக்கு முட்டிதான் போடவைத்தார்கள். அதனால் இப்படி ஒரு ஏற்பாடு இருக்கும் என்று எங்கள் தெருவில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வாரியமும் முன்னால் சொல்லவில்லை. சொன்னால் ஜனங்கள் ஏமாற்றுவார்களாம்.

எங்கள் பக்கத்தில் எட்டாவது வரைதான் பள்ளிக்கூடம். தங்கச்சி அப்போது ஏழாவது. ஆற்றைச் சுற்றிக்கொண்டு அந்தக் கரைக்குப் போக இருபத்திரண்டு கிலோமீட்டர். காலை பதினொரு மணிக்கு ஒரே ஒரு பஸ். பள்ளிக்கூடம் ஒன்பது மணிக்குத் தொடங்கிவிடும். இரண்டு வருஷத்துக்குள் பாலம் வந்தால் அவள் ஒன்பதாவது போவாள். வராவிட்டால் என் பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் தைப்பாள். நானும் அம்மாவும் எதிர்வீட்டுத் தையல்கார அக்காவுக்குக் காஜா எடுத்துப் பட்டன் வைத்துக் கொடுக்கிறவர்கள். மூன்றாவது ஆளுக்கும் ஊசி இருந்தது.

இனி நாற்காலி விஷயம். கணக்கெடுப்பில் முதல் வீடு எங்களுடையது. அவர் உள்ளே வந்து உட்கார இடம் தேடினார். அம்மாவுக்குக் கை கால் ஓடவில்லை.

"ஆபீசரைப் போய்த் தரையிலயா உட்காரச் சொல்றது? ஓடுடி, எதிர்வீட்டு நாற்காலியை வாங்கிட்டு வா."

தையல்கார அக்காவிடம் ஒரு நீலக் குஷன் நாற்காலி உண்டு. அளவு கொடுக்க வருகிறவர்கள் உட்காருவதற்கு. நான் அதைப் பின்வாசல் வழியாகத் தூக்கி வந்தேன். அவர் உட்கார்ந்தார். வியர்த்தது. அம்மா என்னைப் பார்த்தாள். நான் மறுபடி ஓடிப் போய் அக்காவின் டேபிள் ஃபேனையும் எடுத்து வந்தேன். அவர் படிவத்தில் 'குஷன் நாற்காலி: உண்டு, மின்விசிறி: உண்டு' என்று எழுதினார். அம்மா அதை உபசாரத்தில் சேர்த்துக்கொண்டாள்.

அடுத்த வீட்டில் இருப்பவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார்கள். அவர் எங்கள் வீட்டு வாசலில் செருப்பு மாட்டுவதற்குள் நாற்காலியும் ஃபேனும் பின்பக்கமாக அங்கே போய்விட்டன. மூன்றாவது வீட்டு அம்மாவுக்கு மனசு ஆறவில்லை. "அவங்களுக்கு வெச்சதையேதான் நமக்கும் வெக்கணுமா? ஒரு டிவியாவது இருந்தாத்தான் மரியாதை," என்றாள். தையல்கார அக்காவிடம் டிவியும் இருந்தது. படம் வராது. ஆனால் கணக்கெடுப்பவர் அதைப் போட்டுக் காட்டச் சொல்லவில்லை.

நாற்பது வீடு. நான்கு நாள். தூக்கினது நான்தான். பேசாத பெண் என்று பேர் வாங்கினால் இந்த மாதிரி வேலையெல்லாம் தானாக வந்து சேரும். தங்கச்சி மாலையில் பள்ளிக்கூடம் விட்டு வந்து ஃபேனைப் பிடித்துக்கொள்வாள். "அக்கா, இது தப்பாப் போவும்னு தோணுது," என்று இரண்டாம் நாளே சொன்னாள். "பேசாம பிடி," என்றேன். என் வாழ்நாளில் நான் அதட்டினது அவளை மட்டும்தான்.

இருபத்துமூன்றாவது வீட்டில் அவர் நாற்காலியைத் தடவிப் பார்த்து, "இந்தத் தெருவுல எல்லாருக்கும் ஒரே ரசனை," என்றார். அவருக்கு வலது கைப்பிடியின் கிழிசலில் விரலை விட்டுப் பஞ்சைப் பிய்க்கும் பழக்கம் இருந்தது. முப்பதாவது வீட்டுக்குப் போனபோது அந்தக் கைப்பிடியில் பஞ்சே இல்லை. முப்பத்துநான்காவது வீட்டில் பேனாவைக் குஷன் இடுக்கில் மறந்து வைத்துவிட்டு, முப்பத்தைந்தாவது வீட்டில் உட்கார்ந்ததும் அதே இடுக்கிலிருந்து எடுத்து எழுதத் தொடங்கினார். நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

நான்கு மாதம் கழித்து வாரியத்திலிருந்து ஒரு பாராட்டுப் பத்திரம் வந்தது. கண்ணாடிச் சட்டம் போட்டது. எங்கள் தெரு 'தன்னிறைவு பெற்ற தெரு'. வீட்டுக்கு வீடு குஷன் நாற்காலி, வீட்டுக்கு வீடு மின்விசிறி, மூன்றாவது வீட்டிலிருந்து வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி. வட்டாரத்திலேயே முதலிடம். கூடவே இன்னொரு காகிதம். முதலிடம் பெற்ற பகுதிக்கு முதலீடு தேவைப்படாததால், ஆற்றுப் பாலத்துக்கான ஒதுக்கீடு கடைசி இடம் பெற்ற பகுதிக்கு மாற்றப்படுகிறது.

கடைசி இடம் பெற்றது மேற்கே இருக்கும் பொட்டல். அங்கே வீடே கிடையாது. வீடு இல்லாததால் நாற்காலியும் இல்லை. மொத்த மதிப்பெண் பூஜ்யம்.

அப்பாவுக்குப் பஞ்சர் கடை. பத்திரத்தை வாங்கி ட்யூப் தொங்கவிடும் ஆணியில் மாட்டினார். ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நம்ம தெருவுல டிவி இல்லாத வீடு ரெண்டே ரெண்டாம். அதுல ஒண்ணு நம்ம வீடு," என்றார். அம்மா அன்று அவருக்குச் சோற்றைத் தட்டில் தள்ளின விதத்தில் இருந்து அவர் இனி அதைச் சொல்லப்போவதில்லை என்று தெரிந்தது.

ஆனால் ஒதுக்கீட்டை மாற்றுவதற்கு முன் சட்டப்படி ஆட்சேபணை கேட்க வேண்டுமாம். அதற்காக வாரிய இயக்குநர் நேரில் வந்தார். இரண்டு கார். எங்கள் சாலையில் வந்ததால் இரண்டும் பஞ்சர். அப்பா இரண்டுக்கும் ஒட்டுப் போட்டார். இயக்குநர் இறங்கி, தெருவின் நடுவில் நின்று, உட்கார இடம் தேடினார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் போய் நாற்காலியைத் தூக்கி வந்தேன்.

அவர் அதில் உட்கார்ந்து, நாங்கள் எல்லாரும் தரையில் உட்கார்ந்ததும், "உங்கள் குறையைச் சொல்லுங்கள். குறை சொல்வதற்கான உரிமையை மக்களுக்குச் சமமாகப் பங்கிட்டிருக்கிறோம். வீட்டுக்கு ஒரு நிமிடம்," என்றார்.

அப்பா கையில் கறுப்புப் பசையோடு முன்னால் போனார். "சார், அந்தப் பொட்டல்ல ஆளே இல்லியே."

"உண்மை. மக்கள் இல்லாததுதான் அந்தப் பகுதி பின்தங்கியதற்கு முக்கியக் காரணம் என்று எங்கள் ஆய்வும் சொல்கிறது. என் முப்பது வருடப் பணியில் இவ்வளவு பின்தங்கிய இடத்தைப் பார்த்ததில்லை. ஒரு தேநீர் குடிக்கக்கூட வழியில்லை."

"ஆறும் இல்லியே சார். எதுக்கு மேல பாலம் கட்டுவீங்க?"

"ஆறு இரண்டாம் கட்டத்தில் வரும்," என்றார் இயக்குநர். "எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எதிர்பார்க்கக் கூடாது. இங்கே உங்களுக்கு ஆறு இருக்கிறது. அங்கே பாலம் இருக்கும். இதற்குப் பெயர்தான் சமச்சீர். இரண்டையும் ஒரே இடத்தில் கொடுத்தால் அது பாரபட்சம்."

எல்லாரும் தலையை ஆட்டினார்கள். ஒத்துக்கொண்டு இல்லை. பெரிய மனிதர் பேசும்போது தலை தானாக ஆடும்.

அப்போது தங்கச்சி எழுந்தாள். சீருடையில் இருந்தாள். "சார், எங்க தெருவுல நாற்பது நாற்காலி இல்ல. ஒண்ணுதான். நீங்க உட்கார்ந்திருக்கீங்களே, அது."

இயக்குநர் கீழே குனிந்து நாற்காலியைப் பார்த்தார். அப்புறம் பின்னால் நின்ற கணக்கெடுப்பவரைப் பார்த்தார்.

"நீங்கள் நேரில் எண்ணினீர்களா?"

"எண்ணினேன் சார். நாற்பது வீட்டுலயும் இருந்தது."

"ஒரே நாற்காலியா, வேறு வேறா?"

"படிவத்துல அந்தக் கேள்வி இல்லை சார். 'வீட்டில் உள்ளதா'ன்னுதான் கேள்வி. நான் போன நேரத்துல இருந்தது."

இயக்குநரின் முகம் மலர்ந்தது. "கேட்டீர்களா? படிவத்தில் இல்லாததை இவர் பார்க்கவே மாட்டார். இந்த நேர்மையை நம்பித்தான் வாரியம் நடக்கிறது." பிறகு தங்கச்சியிடம் திரும்பினார். "உன் வயசு என்னம்மா?"

"பன்னெண்டு."

"ஆட்சேபணை சொல்லப் பதினெட்டு ஆகியிருக்க வேண்டும். பரவாயில்லை. பெரியவர்கள் யாராவது எழுந்து, இந்தப் பெண் சொல்வது சரி என்று சொன்னால் போதும். பதிவு செய்துகொள்கிறேன்."

அவ்வளவு எளிதாக ஒரு வழி எங்கள் தெருவுக்கு அதற்கு முன்பும் பின்பும் திறந்ததில்லை. ஒருவர் எழுந்தால் போதும்.

யாரும் எழவில்லை. மூன்றாவது வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டாரிடம் அந்தத் 'தன்னிறைவு' பத்திரத்தை நகல் எடுத்துக் காட்டியிருந்தார்கள். தையல்கார அக்கா வாயைத் திறந்தாள், நாற்பது வீட்டையும் ஒரு சுற்றுப் பார்த்தாள், மூடிக்கொண்டாள். எல்லாரும் அவளிடம் துணி தைக்கக் கொடுக்கிறவர்கள். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா முந்தானையில் இல்லாத ஒரு நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

தங்கச்சி யாரையும் பார்க்கவில்லை. நேராக என்னைப் பார்த்தாள். எனக்குப் பத்தொன்பது வயது. அந்த நாற்காலியின் எடை தெருவில் என்னைவிட யாருக்கும் தெரியாது. எழுந்து 'ஆமா' என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தெருவில் ஒரு கல் கிடந்தது. அதைப் பார்த்தேன். அது எப்படி இருந்தது என்று இன்றைக்கும் என்னால் வரைந்து காட்ட முடியும்.

"நல்லது," என்று இயக்குநர் எழுந்தார். "ஆட்சேபணை ஏதுமில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள்."

ஒரு வாரம் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. வாயில் வராதது கையிலாவது வரட்டும் என்று ஒரு மனு எழுதினேன். நான்கு பக்கம். யார் வீட்டிலிருந்து யார் வீட்டுக்கு, எந்த வாசல் வழியாக, எத்தனை மணிக்கு என்று எல்லாம். அதை எடுத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் பதினொரு மணி பஸ்ஸில் ஏறி வாரிய அலுவலகத்துக்குப் போனேன்.

அங்கே ஒரு நீள அறை. இரண்டு வரிசை மேஜை. சமச்சீருக்காக இடது வரிசையில் பதினாறு பேர், வலது வரிசையில் பதினாறு பேர். ஆனால் வேலை வந்து சேருவது இடது வரிசைக்கு மட்டும். வலது வரிசைக்காரர்கள் சமன் செய்வதற்காக உட்கார்ந்திருந்தார்கள். இடது பக்கத்தில் ஒருவர் விடுப்பு எடுத்தால் வலது பக்கத்தில் ஒருவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். என்னை ஒரு மேடத்திடம் அனுப்பினார்கள். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி நான்கு பக்கத்தையும் பொறுமையாகப் படித்தார்.

"கையெழுத்து நல்லா இருக்கு," என்றார். "ஆனா இது சிக்கலான விஷயம்மா. எங்க பதிவேட்டுல உங்க தெருவுல நாற்பது நாற்காலி இருக்கு. நீ இப்ப ஒண்ணுதான்னு சொல்றே. அப்ப முப்பத்தொன்பது எங்க போச்சு?"

"இல்லவே இல்ல மேடம்."

"என்ன?"

கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.

"பதிவேட்டுல ஏறினது இல்லவே இல்லைன்னு ஆகாதும்மா. காணோம்னு வேணும்னா ஆகலாம். களவு போயிருக்கு. புகார் கொடுத்தீங்களா?"

"அப்ப கணக்கைத் திருத்த முடியாதா மேடம்?"

"அடுத்த கணக்கெடுப்புல தானாத் திருந்திடும். அஞ்சு வருஷத்துக்கு ஒருதடவை எடுப்போம். கவலைப்படாதே, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும்." அவர் என் மனுவின் மேல் முத்திரை குத்தினார். கனிவானவர்தான். எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

பத்து நாள் கழித்து இரண்டு பேர் வண்டியில் வந்தார்கள். நாற்காலித் திருட்டு விசாரணைக்கு மாதிரி வேண்டும் என்று சொல்லி, தையல்கார அக்காவின் நாற்காலியை ஏற்றிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். அக்கா ரசீதை மேலும் கீழும் பார்த்தாள்.

"நாற்பது இருந்துச்சு, ஒண்ணு ஆச்சு. இப்ப அதுவும் போச்சு," என்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, "நல்லா எழுதினே போ. பேசாம இருந்தப்பவும் கெடுத்தே, பேசினப்பவும் கெடுத்தே," என்றாள். அதற்கப்புறமும் பட்டன் வேலை கொடுத்தாள். நல்லவள்.

அடுத்த வருஷக் கோடையில் பொட்டலில் பாலம் முடிந்துவிட்டது. இவ்வளவு சீக்கிரம் எந்தப் பாலமும் முடிந்ததில்லையாம். தண்ணீர் குறுக்கே வராததுதான் காரணம் என்று மேஸ்திரி ஒருவர் அப்பாவிடம் டயருக்குக் காற்றடிக்கும்போது சொன்னார். திறப்பு விழாவுக்குக் கைதட்ட அந்தப் பகுதியில் ஜனங்கள் இல்லை. அதனால் எங்கள் தெருவுக்கு மூன்று பஸ் அனுப்பினார்கள். காலை எட்டு மணிக்கே வந்து நின்றன.

"மூணு பஸ் வேண்டாம். ஒண்ணை தினம் இதே நேரத்துக்கு விட்டா நான் ஸ்கூலுக்குப் போயிடுவேன்," என்று தங்கச்சி ஓட்டுநரிடம் சொன்னாள்.

"நல்ல யோசனைதான் பாப்பா. ஆனா இது விழா பஸ். ஸ்கூலுக்கெல்லாம் போகாது," என்றார் அவர். அவருக்கும் அலுப்பாக இருந்தது. விடியற்காலையில் கிளம்பி வந்திருந்தார்.

பாலம் அழகாகத்தான் இருந்தது. ஆறு தூண். இரண்டு பக்கமும் கைப்பிடி, வெள்ளையும் மஞ்சளும். கீழே காய்ந்த மண். இயக்குநர் மாலையோடு பேசினார்.

"இந்தப் பாலத்தைப் பற்றிச் சிலர் கேள்வி கேட்டார்கள். இதனால் யாருக்குப் பயன் என்றார்கள். நண்பர்களே, பயன்படுத்தினால் எந்தப் பாலமும் தேய்ந்துபோகும். இந்த வட்டாரத்தில் நாம் கட்டிய பன்னிரண்டு பாலங்களில் பழுதே பார்க்கத் தேவையில்லாத ஒரே பாலம் இதுவாகத்தான் இருக்கும். ஆறு தானாக வந்து, அதற்குப் பாலம் கேட்டு மனு போட்டு, காத்திருந்து கட்டுவது பழைய முறை. நாம் ஆறு வருவதற்கு முன்பே தயாராகிவிட்டோம். இதுதான் தொலைநோக்கு."

நாங்கள் கைதட்டினோம். கைதட்டினவர்களுக்குத்தான் திரும்பிப்போக பஸ் என்று சொல்லியிருந்தார்கள். பிறகு எல்லாரையும் பாலத்தின் மேல் நடக்கவைத்துப் படம் எடுத்தார்கள். அப்பா அந்தப் பக்கம் இறங்கி நின்று சுற்றிப் பார்த்தார்.

"என்னப்பா?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. அந்தப் பக்கம் வந்துட்டோம்ல, என்ன மாறியிருக்குன்னு பார்த்தேன்."

தங்கச்சி பஸ்ஸை விட்டு இறங்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

எட்டாவதில் அவள்தான் முதல். ரிசல்ட் வந்த அன்று அம்மா அழுதாள். அடுத்த நாள் அத்தைக்கு போன் போட்டார்கள். அத்தை வீடு அந்தக் கரையில், பெரிய பள்ளிக்கூடத்துக்கு இரண்டு தெரு தள்ளி. அத்தைக்கு மூன்று சின்னப் பிள்ளைகள், படுக்கையில் மாமனார். "வரட்டும் அண்ணா. எனக்கும் கை ஒத்தாசையா இருக்கும். வேலை போக மிச்ச நேரம் படிக்கட்டும்," என்றாள். வேலை போக மிச்ச நேரம் எவ்வளவு இருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் அதுவும் இல்லாமல் போய்விடும். தங்கச்சியிடமும் யாரும் கேட்கவில்லை. அவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின நாள் சாமான் ஏற்றிப் போகும் ஒரு லோடு ஆட்டோவில் அவளுக்கு இடம் கிடைத்தது. தெருவே வாசலுக்கு வந்தது. அம்மா அவள் தலையைச் சீவினாள், கலைத்தாள், மறுபடி சீவினாள். "அத்தை சொன்ன பேச்சைக் கேளு. பொழுதோட தூங்கு. எதிர்த்துப் பேசாதே," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அப்பா ஆட்டோவின் எல்லா டயரையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். அழுத்திப் பார்த்ததையே இன்னொரு முறை அழுத்திப் பார்த்தார்.

பை என் கையில் இருந்தது. கனமாக இருந்தது. என் பழைய பத்தாம் வகுப்புப் புத்தகங்களையும் அடியில் வைத்திருந்தேன். அடுத்த வருஷம் தேவைப்படும். ஓட்டுநர் வண்டியைக் கிளப்பினார்.

"நான் அன்னைக்கு எழுந்து நின்னிருக்கணும்," என்றேன். "நீ சொன்னதுதான் சரி."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அப்பா டயரிலிருந்து நிமிர்ந்தார். தையல்கார அக்கா, மூன்றாவது வீட்டு அம்மா, எல்லாரும் திரும்பினார்கள். தெருக்கோடி வரை கேட்டிருக்கும்.

தங்கச்சி என் கையிலிருந்து பையை வாங்கினாள். ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, பையை மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சாலையைப் பார்த்தாள். வண்டி முதல் பள்ளத்தில் இறங்கி ஏறியது, திரும்பியது, போய்விட்டது.